அமல்ராஜ் கேட்ட டென்ட்

செவ்வாய்க்கிழமை காலை, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஷாமியானாவைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. முகையூரிலிருந்து என் நண்பர் அமல்ராஜின் அம்மா.

"கொமாரு, டென்ட் எடுத்துக்கினு வந்துடுப்பா."

அவ்வளவுதான் சொன்னார். பத்து வருஷமாக ஷாமியானா வாடகைக்கு விடுகிறவன் நான். எங்கள் பக்கத்தில் டென்ட் என்றால் அதுதான். கல்யாணத்துக்குக் கேட்பவர்கள் தேதி சொல்வார்கள், எத்தனை நாற்காலி என்பார்கள், கலர் சரியில்லை என்று உயிரை வாங்குவார்கள். சாவுக்குக் கேட்பவர்கள் மட்டும்தான் ஒன்றும் பேசாமல் வந்துவிடு என்பார்கள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மண்டபத்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கல்யாண வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது.

அமல்ராஜுக்கு முப்பத்தொரு வயது. திண்டிவனத்தில், எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நேரில் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். நான் 'அவர், இவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கட்டும்.

எங்கள் பழக்கம் தொடங்கியதே நான் அவரிடம் திட்டு வாங்கியதில்தான். ஒரு கல்யாண வரவேற்பில் கரண்டு போய், என் ஜெனரேட்டரும் படுத்துக்கொண்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் இருட்டில் நிற்கிறார்கள். பெண்ணின் அப்பாவிடம் நான், "இதோ அஞ்சு நிமிஷம்ங்க, இதோ வந்துடும்ங்க" என்று அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரோ அமல்ராஜை அழைத்து வந்தார்கள். திறந்து பார்த்தார். நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போனார்.

"ஒரு மணி நேரம் ஆவும்ங்க. பந்தியில எமர்ஜென்சி லைட்ட வெச்சி எல்லாரையும் சாப்புட உக்கார வைங்க."

அந்த மனிதருக்கு அதற்கப்புறம்தான் மூச்சே வந்தது. சொன்ன ஒரு மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. அமல்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்து, "இன்னா ஆளுய்யா நீ? இதோ இதோன்னா கரண்டு வந்துடுமா?" என்று ஒரு பிடி பிடித்தார். அன்றிலிருந்து நண்பர்கள்.

கடையிலும் அதே குணம்தான். ஒரு முறை மயிலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, மூன்று தரம் எரிந்துபோன மோட்டாரை நான்காம் தரம் தூக்கிக்கொண்டு வந்தார். "இது முடிஞ்சிபோச்சிங்க. இனிமே எவன் கட்டினாலும் ஓடாது. எடுத்துக்கினு போங்க" என்றார் அமல்ராஜ். வேறொருவராக இருந்தால் கட்டிக் கொடுத்துக் கூலியை வாங்கியிருப்பார். அந்த விவசாயி முறைத்துக்கொண்டுதான் போனார். அடுத்த வாரம் புது மோட்டார் வாங்க இவரையே துணைக்குக் கூப்பிட்டார்.

போன வருஷம் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. வைத்தியம் ஒரு வருஷம் ஓடியது. பிறகு, இனி வலிக்கு மட்டும்தான் மருந்து, ஒரு மாதம் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும், வாடகை வண்டி ஓட்டும் சத்யாவும் தினமும் கடைக்குப் போய், "ஒண்ணும் ஆவாதுடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவரை அரித்தது வேறு. அப்பா இல்லை, ஒரே பிள்ளை. அம்மாவிடம் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருந்தார். ஊரார் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்கிறவர், பெற்றவளிடம் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லியே ஆவணும்டா. வாய் வர மாட்டேங்குது" என்றார் ஒரு நாள். "மரக்காணம் பக்கம் கடக்கரையில ரெண்டு நாளு டென்ட் போட்டுத் தங்கலாம். ஒக்காந்து யோசிக்கணும். மத்ததெல்லாம் சத்யா பாத்துப்பான். நீ டென்ட் மட்டும் எடுத்துக்கினு வந்துடு."

நானும் கர்மசிரத்தையாக எடுத்துக்கொண்டு போனேன். பதினெட்டுக்கு முப்பத்தாறு அடி ஷாமியானா, இரும்புக் குழாய்கள், பக்கத் துணி, இருபது நாற்காலி, இரண்டு மேசை. வண்டியிலிருந்து இறக்குவதைப் பார்த்த அமல்ராஜ் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அடப்பாவி! ஜிப்பு வெச்ச குட்டி டென்ட்டுடா! உள்ள பூந்து படுத்துக்கிறது! நீ சாவு ஊட்டு டென்ட்ட தூக்கிக்கினு வந்துகீற!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வலிக்கும்போதும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. வந்தது வந்தாயிற்று, போடு என்றார். போட்டோம். மூன்று பேருக்கு அத்தனை பெரிய நிழல்.

பொழுது சாயும் நேரம். பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து மூன்று பெண்கள் தலையைக் குனிந்தபடி வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் பச்சையம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"யாரு தம்பி தவறிப்போனது? எங்க குப்பத்து எல்லையில சாவுன்னா நாங்க படகு தள்ள மாட்டோம். வலைக்குப் போற ஆம்பளைங்கல்லாம் கரையிலயே ஒக்காந்துக்கினு கீறாங்க."

அமல்ராஜ் எழுந்து கைகூப்பினார்.

"யாரும் சாவலம்மா. இந்த ஆளு தப்பான டென்ட்ட கொண்ணாந்துட்டான். படகத் தள்ளச் சொல்லுங்க. சாவப்போறவன் நான்தான். அதுக்கு இன்னும் ஒரு மாசம் கீது."

அவர் சாகப்போகிறார் என்று அதுவரை எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சத்யா முகத்தைத் திருப்பிக்கொண்டான். பச்சையம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். ஒண்ணும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை.

"அம்மா கீறாங்களா?"

"கீறாங்க. அவங்களுக்குத் தெரியாது."

"பெத்தவளுக்குச் சொல்லாம எங்ககிட்ட சொல்லிக்கினு கீறியே, நாயமா ராசா? நாளைக்கே கூட்டியாரச் சொல்லு."

மற்ற இரண்டு பெண்களும் குப்பத்துக்குப் போய்ச் சொன்னார்கள். படகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அமல்ராஜ் என் பக்கம் திரும்பி, "விடிஞ்சதும் போய் அம்மாவ இட்டுக்கினு வாடா" என்றார்.

போனேன். பிள்ளை கடற்கரையில் இருக்கிறான், உங்களைக் கூட்டிவரச் சொன்னான் என்று மட்டும் சொன்னேன். முகையூரில் வண்டி ஏறும்போதே அம்மாவின் கையில் தூக்குச்சட்டி. விழுப்புரம் தாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி, வழி நெடுக ஒரே பேச்சு. "வயித்துப் புண்ணுக்குக் கேப்பக் கூழு நல்லதுப்பா. மோர் ஊத்திக் கரைச்சிக்கீறேன். கடையில கண்டதத் துண்ணுட்டுத்தான் இப்டி ஆயிட்டான்." நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "ஆமாம்மா, ஆமாம்மா" என்றேன். அந்த மூன்று மணி நேரம் என் எதிரிக்கும் வர வேண்டாம்.

சவுக்குத் தோப்பு திரும்பியதும் கடற்கரை தெரிந்தது. அம்மா முன்னால் குனிந்து பார்த்தார்.

"கொமாரு... அது இன்னாடா டென்ட்டு?"

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. பத்து வருஷம் சாவு வீட்டுக்கு டென்ட் போட்ட முட்டாள் நான்! அதைப் பார்த்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரேக் போடுவதற்குள் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "எப்பா... அமலு... என்ன உட்டுட்டுப் போயிட்டியாடா..." என்று மாரில் அடித்துக்கொண்டு மணலில் ஓடினார்.

நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிற அமல்ராஜ் எதிரே ஓடிவந்தார். "எம்மா! இங்க கீறேம்மா! உசுரோடதான் கீறேன்!"

அம்மா அவர் முகத்தைத் தடவினார், கையைத் தடவினார், தோளில் ரெண்டு அடி வைத்தார். அந்த நிலையிலேயே, மூச்சிரைக்க, அமல்ராஜ் சொல்லிவிட்டார்.

"அல்சர் இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். புத்து நோயி. ஒரு மாசம்தான்னு சொல்லிட்டாங்க."

அம்மா கீழே விழுந்துவிடுவார் என்று சத்யா பக்கத்தில் போய் நின்றான். விழவில்லை.

"நீ செத்துட்டன்னு நெனச்சிக்கினு ஓடியாந்தேன்" என்றார். "ஒரு மாசம் கீதுன்றியா?"

"கீதும்மா."

"அப்ப வா. வீட்டுக்குப் போவலாம். அந்த ஒரு மாசத்த எனக்குக் குடு."

டென்ட்டைப் பிரிக்கும்போது சத்யா என்னை அடிக்கவே வந்துவிட்டான். அமல்ராஜ்தான் தடுத்தார். "உடுடா. நான் ரெண்டு நாள் யோசிச்சிருந்தாலும் அம்மா வாயிலருந்து இப்டி ஒரு வார்த்தை வந்திருக்காது." சாவை எதிரில் வைத்துக்கொண்டு அடுத்தவன் முட்டாள்தனத்தை மன்னிக்கிற மனசு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவருக்கு வாய்த்தது. அதற்காகவே அவரை நான் கும்பிடுகிறேன்.

கடையைப் பூட்டிவிட்டு முகையூருக்கே போய்விட்டார். ஏழு வாரம் இருந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் சத்யாவும் பார்க்கப் போனோம். கதவு திறந்திருந்தது. சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார் அமல்ராஜ். எலும்பும் தோலும்தான். கட்டிலை ஒட்டித் தரையில் அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர்மேல் விழுந்த வெயிலை மறைக்க, ஒரு துண்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார் மகன். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

வாசலிலேயே நின்றோம். அமல்ராஜ் துண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார், இறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தூங்கட்டும், அப்புறம் வாங்க என்று தலையை ஆட்டினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினோம்.

அம்மா விழித்துக்கொள்வார் என்று, அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அம்மாவ நாங்க பாத்துக்கிறோம். நீ போய்ட்டு வாடா, அமலு.