கண்ணாடிமேல் கவிழ்த்த போன்

அரசுச் சான்றிதழைப் போனிலிருந்தே அச்செடுக்கும் வசதியை எங்கள் செயலியில் சேர்த்தவன் நான். அதைச் செய்துகாட்டத்தான் ஜவ்வாது மலைக்குப் போனேன். ஜெராக்ஸ் கடையில் ஒருவர் நின்றிருந்தார். போனைத் துண்டால் துடைத்த பிறகே என்னிடம் நீட்டினார். மகளை விடுதியில் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். போனில் இருந்த அவள் சாதிச் சான்றிதழைத் தாளில் கேட்டார்களாம். அச்செடுக்கத் திருப்பத்தூர் போய்த் திரும்பினால் பொழுது போய்விடும். பெருமையாக அச்சு பட்டனை அழுத்திக் காட்டினேன். ‘பிரிண்டர் இல்லை’ என்றது. கடையில் இருந்தது பழைய ஜெராக்ஸ் மிஷின் மட்டும்தான்.

“பட்டன் வெச்சீங்களே சார், மிஷினு எங்க வெச்சீங்க?” என்று சிரித்தார்.

அவரே போனைத் துடைத்து, மிஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து, “போடுப்பா” என்றார் கடைக்காரரிடம். தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எம்பொண்ணு பேரு இதுக்குள்ளதான கீது சார்?”

அந்தத் தாளையும் ஒருமுறை துண்டால் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினார்.