ஐந்து கார்களும் ஒரு சக்கர நாற்காலியும்

செனாவாங் பெரிய சாலையில், டயர் கடைக்கும் பல் கிளினிக்குக்கும் நடுவே, கண்ணாடியால் கட்டிய கார் கடை ஒன்று இருக்கிறது. கம்பெனியின் பெயர் வேண்டாம். எந்தச் சந்தில் திரும்பினாலும் அவர்கள் கார் ஒன்று நிற்கும், அவ்வளவு சொன்னால் போதும். கடந்த சில வருடங்களில் அவர்கள் வெளியிட்ட ஐந்து வகைக் கார்களையும் நான் ஒரே காலைப் பொழுதில் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, என் கணவரை ஒவ்வொன்றுக்குள்ளும் ஏற்றி இறக்கினேன் என்பதுதான் சரி. அந்த ஐந்தைப் பற்றியும் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அவருக்குச் சர்க்கரை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பது வருடம் ஓட்டியவர். செருப்பு கடித்த ஒரு சின்னப் புண்ணை, ‘தானா ஆறிடும்’ என்று மஞ்சளைத் தடவிக்கொண்டே இருந்தார். அது ஆறவில்லை. மிச்சமிருக்கும் வலது காலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போர்ட்டிக்சன் மருத்துவமனையில் காட்டியாக வேண்டும்.

எங்கள் பழைய கார் அதற்குள் செத்துப்போயிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதல் தடவை வாடகைக் காரைக் கூப்பிட்டேன். ஓட்டுநர் நல்ல மனிதர். நல்லது செய்கிறேன் என்று இவரை இரண்டு அக்குளிலும் பிடித்து, அரிசி மூட்டையைப்போல் தூக்கி உள்ளே வைத்தார். பக்கத்து வீட்டு வாசலில் நான்கு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மருத்துவமனைத் தேதி வந்தபோது இவர் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை.

“இன்னொருத்தன் என்னத் தூக்கி வக்கிறதா இருந்தா நான் வரலலா. கால் போனா போவட்டும்” என்றார்.

அதற்கடுத்த தேதிக்கும் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து தாதி போனில் கூப்பிட்டு, இப்படியே விட்டால் அந்தக் காலும் போய்விடும் என்று என்னைத் திட்டினாள். திட்டு வாங்கத்தானே நான் இருக்கிறேன். ஆக, எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. யாரும் தூக்காமல் அவரே ஏறி உட்காரக்கூடிய ஒரு கார். நிறமோ வேகமோ எனக்கு முக்கியமில்லை.

இதை என் கொழுந்தனாரிடம் சொன்னது நான் செய்த முதல் தப்பு. அவர் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். ஓய்வு நேரமெல்லாம் கார் வீடியோ பார்த்துப் பார்த்து, தானே ஏதோ கார் கம்பெனி முதலாளி என்கிற நினைப்பு. “நான் வரேன் அண்ணி. உங்கள ஏமாத்திடுவானுங்க” என்று கறுப்புக் கண்ணாடியோடு வந்து சேர்ந்தார். ஏமாற்றுவதற்கு அவரே போதும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடையில் எங்களைக் கவனித்த பெண் நம்மவர்தான். கையில் ஒரு பளபளப்பான விளம்பரப் புத்தகம். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குடும்பம் மலையுச்சியில் நின்று சிரிக்கிறது. எல்லாருக்கும் இரண்டு கால். யாருக்கும் மூட்டுவலிகூடக் கிடையாது. மருத்துவமனை வாசலில் நிற்கும் கார் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடினேன். இந்த ஊரில் பாதிப் பேர் காரில் போவது அங்கேதான்.

முதலில் காட்டியது ஆகச் சின்னது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த ஆள்போல முகம். இப்போது வரும் கார் எல்லாமே இப்படித்தான் முறைக்கிறது, ஏனென்று யாரும் கேட்பதில்லை. நான் நாற்காலியைத் தள்ளிப்போய் இடது பக்கக் கதவோரம் நிறுத்தினேன். இவர் கதவைப் பிடித்து எழுந்து, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து முதுகைக் காட்டித் திரும்பி, தொப்பென்று விழுந்தார். இருக்கை அவ்வளவு பள்ளம். வெளியே எடுக்க நானும் கொழுந்தனாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். இவர் முகம் சுண்டிப்போனது.

“சிட்டி டிரைவுக்குச் சூப்பரா இருக்கும் அண்ணி” என்றார் கொழுந்தனார்.

எந்த சிட்டி? நாங்கள் இருக்கும் லிங்கியா?

இரண்டாவது நீளமான செடான் கார். கூரையைப் பின்பக்கமும் முன்பக்கமும் அமுக்கி வைத்திருக்கிறார்கள். அது ஸ்போர்ட்ஸ் ஸ்டைலாம். இவர் தலை நங்கென்று மேல் விளிம்பில் இடித்தது. “அங்கிள் கொஞ்சம் குனிஞ்சி போகணும்” என்றாள் அந்தப் பெண். நீ ஒற்றைக் காலில் நின்றுகொண்டு குனிந்து காட்டு என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த ஒரே காரில் நான்கு ரகம். ஒவ்வொன்றுக்கும் வாலில் ஓர் ஆங்கில எழுத்து. உயர்ந்த ரகத்துக்கும் தாழ்ந்த ரகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், இருக்கையில் சிவப்பு நூல் தையலாம். சிவப்பு நூலுக்கு மயங்குகிற வயதா எனக்கு?

மூன்றாவதைப் பார்த்ததும் கொழுந்தனாருக்கு மூச்சு வாங்கியது. உயரமாக, சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி, காட்டுக்கும் மேட்டுக்கும் பிறந்தது மாதிரி நின்றது. எங்கள் தோட்டத்துச் செம்மண் பாதையில் போகுமா என்று கேட்டேன். “மழை நாள்ல அந்த மாதிரி ரோட்டுல கொண்டு போகாதீங்க ஆண்ட்டி, டூ வீல் டிரைவ்தான்” என்றாள். அப்புறம் எதற்கு இந்த வேஷம்? போதாக்குறைக்குக் கூரையில் ஒரு கண்ணாடி. வெயில் மண்டையைப் பிளக்கிற இந்த ஊரில் கூரைக்கு ஜன்னல் வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், நடுப்பகலில் ஒரு மணி நேரம் அதற்குக் கீழே உட்காரவைப்பேன். பின்பெட்டியைத் திறந்து மாற்றுச் சக்கரம் எங்கே என்று பார்த்தேன். அது கிடையாதாம். ஓட்டையை அடைக்கும் பசைக் குப்பி ஒன்றும் சின்னக் காற்று பம்பும் வைத்திருந்தார்கள். இவர் ஏற முயன்றார். உயரம் சரிதான், ஆனால் கதவின் அடிவிளிம்பு ஒரு முழம் அகலம். திரும்பி உட்காரும்போது நுனியில் சறுக்கினார். நல்ல வேளை, நான் பிடித்தேன்.

“என்னைய வுடு” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. விட்டால் தரையில்.

நான்காவது மின்சாரக் கார். வெளியே கைப்பிடியே தெரியவில்லை, கதவோடு ஒட்டி ஒளிந்திருக்கிறது. அருகில் போனால் தானாக வெளியே வருமாம். வந்தது. இவர் பிடித்து எழப் போகும் நேரம் திரும்ப உள்ளே போய்விட்டது. உள்ளே இருந்த திரை, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியைவிடப் பெரிது. குளிரூட்டியின் காற்றைத் திருப்பக்கூட அதைத்தான் தடவ வேண்டும். எங்கள் தோட்டத்து வீட்டில் சோற்றுப் பானையும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினாலே கரண்ட் அறுந்துபோகும். இதை ராத்திரி முழுக்க எங்கே செருகுவது என்று கேட்டேன். “பிஆர்ஆர் கடைங்க பக்கம் ஸ்டேஷன் இருக்கு ஆண்ட்டி, ஷாப்பிங் செஞ்சிட்டே சார்ஜ் பண்ணலாம்” என்றாள். காரைக் காப்பாற்றுவதற்காக நான் தினமும் கடைக்குப் போக வேண்டும்.

“எதிர்காலம்லாம் இதுதான் அண்ணி” என்றார் கொழுந்தனார். அவருடைய நிகழ்காலம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

கடைசியில் ஏழு பேர் உட்காரும் பெரிய கார். மூன்றாம் வரிசையில் உட்காரும் இருவருக்கும் முழங்கால் இருக்கக் கூடாது, அவ்வளவு இடைவெளி. ஆனால் அந்த வரிசையை மடக்கினால் சக்கர நாற்காலி அப்படியே உள்ளே போனது. கதவும் அகலம். முன் இருக்கை அவர் இடுப்பு உயரம். இடது பக்கம் மூன்று தடவை முயன்று, கொழுந்தனார் முழங்கையில் லேசாகத் தாங்க, ஏறி உட்கார்ந்துவிட்டார். முழுவதும் சொந்தமாக இல்லை. இருந்தாலும் தூக்கவில்லை, தாங்கினோம். இருப்பதில் மோசம் குறைந்தது இதுதான் என்று நான் முடிவு செய்தேன்.

இவரைக் கேட்டேன், “இது சரியா?”

“ஒனக்குச் சரின்னா சரி” என்றார். காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர். எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்காக நான் லீவு போட்டுவிட்டு இந்தக் கண்ணாடிக் கூண்டில் அலைகிறேன்?

கார் இவர் பெயரில் பதிவானது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கொழுந்தனார் அதைக் கடையிலிருந்து எடுத்து நேரே தோட்டத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் புதுக் கார் வீட்டுக்குப் போகும் முன்பு கோயிலுக்குத்தான் வரும். நான் இவரை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காத்திருந்தேன். காரின் முறைக்கும் முகத்தில் பூசாரி சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாலை போட்டதும் அதன் கோபம் இன்னும் கேவலமாகத் தெரிந்தது. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார்.

“காடி யார் பேருல? அவங்க ஏறி ஓட்டிப் பழத்த மிதிங்க” என்றார் பூசாரி.

அதுதான் முறை. காருக்குச் சொந்தக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்து முன்னால் நகர்த்தி, பழத்தை நசுக்க வேண்டும். கொழுந்தனார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, “அண்ணனுக்குப் பதிலா நான் ஓட்டிடுறேன்லா” என்று கதவைத் திறந்தார். நானும் தலையாட்டினேன். வேறு யார் ஓட்டுவது?

“நவுரு” என்றார் இவர்.

நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு காரின் முன்பக்கமாகச் சுற்றி, ஓட்டுநர் பக்கம் போனார். நான் பின்னால் ஓடினேன். கை காட்டி நிறுத்தினார். கதவின் மேல் சட்டத்தை ஒரு கையாலும் ஸ்டீயரிங்கை இன்னொரு கையாலும் பிடித்து எழுந்தார். வலது காலில் நின்றார். இடது தொடையை உள்ளே நீட்டினார், இடுப்பு சறுக்கி இருக்கையில் அமர்ந்தது, வலது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். திரும்பவில்லை, குதிக்கவில்லை, விழவில்லை. தட்டில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இடது பக்கக் கதவில் ஏறுகிற எவரும் இடது காலில் நின்று வலது காலை உள்ளே வைப்பார்கள். இவருக்கு நிற்க அந்தக் கால் இல்லை. ஓட்டுநர் பக்கம் ஏறுவதற்கு நிற்க வேண்டியது வலது காலில். அது இவரிடம் இருக்கிறது. கியரும் ஆட்டோ, இடது காலுக்கு அங்கே வேலையே கிடையாது. ஐந்து காரையும் வாய் கிழியத் திட்டினேனே, ஐந்திலும் நான் பார்த்தது இடது கதவை மட்டும்தான்.

இவர் பிரேக்கை மிதித்து, கியரை மாற்றி, மெல்ல விட்டார். நான்கு பழமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சப்பென்று நசுங்கின. முப்பது வருடம் லோரி ஓட்டியவருக்கு அது ஒரு வேலையா? கோயில் வளாகத்தின் மூலைவரை போய், அளவாகத் திருப்பி, என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். மாதக்கணக்காகப் பார்க்காத முகம்.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஆட்டோ காடி ஓட்டலாம், லைசன்சுக்கு ஜேபிஜேயில இன்னொரு தடவ ஓட்டிக் காட்டணும்னாரு. விண்ணப்பப் பாரம்கூட வாங்கி வச்சிருக்கேன்” என்றார்.

“எப்போ கேட்டீங்க?”

“ஆஸ்பத்திரியில இருக்கும்போதே.”

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. “அன்னிக்குக் கடையில அஞ்சு காடியில ஏறி விழுந்தீங்களே, அப்ப ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போன்னு சொல்லியிருந்தா போதுமே” என்றேன்.

அவர் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

“சொல்லியிருந்தா வுட்டிருப்பியா?”

சற்றுமுன் கொழுந்தனார் சாவியோடு வந்தபோது தலையாட்டியவள் நான். சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.