முதலில் பாலிக் புலாவ் போனோம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கி, ஐந்து லாரிகளுக்கு முதலாளி ஆனேன். எந்த விஷயத்திலும் எனக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்பட்டதில்லை.

எழுபதுகளில் எங்கள் வரிசை வீடுகளில் பக்கவாதம் என்றால் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு வருவது. எண்பதுகளின் கடைசியில் அது நாற்பது வயதுக்காரர்களைத் தேடி வந்தது. மூட்டை சுமந்த உடம்பெல்லாம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டது. பால் டின் தேத்தண்ணீரும் சிகரெட்டும் மட்டும் குறையவில்லை. பிரஷர் மாத்திரையைத் தலை வலித்தால்தான் போடுவோம், நானும்தான்.

ஒரு காலையில் என் டிரைவரின் கையிலிருந்து தேத்தண்ணீர்க் குவளை நழுவி விழுந்தது. அவனுக்கு நாற்பத்திரண்டு வயது.

"மொதலாளி, வலது கை மரத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?"

"அங்க போனா ஊசி போட்டுப் படுக்க வச்சிருவாங்க லா. நரம்புதான்டா பிசகிருச்சு. நான் பாக்காத நரம்பா? ஏறு கார்ல."

தீவின் மறுகோடியில், பாலிக் புலாவில் நரம்பு நீவிவிடும் மலாய்ப் பெரியவரிடம் மலைப்பாதை சுற்றிக் கொண்டுபோனேன். அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாய் கோணியது. பிறகுதான் ஆஸ்பத்திரி. ஏன் நேராக வரவில்லை என்று டாக்டர் கேட்டார். நான் அவன் கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் துடைத்தேன்.

அவன் மறுபடி லாரி ஏறவில்லை, பேச்சும் திரும்பவில்லை. அவன் மனைவி கோயிலில் என்னைக் கண்டால் பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வாள்: "மொதலாளி தன்னோட கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு, அக்கா."

முதலில் எங்கே போனோம் என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவனால் சொல்ல முடியாது.