டெல்மர் மாமாவும் புதுத் தோட்டாவும்

என் அக்கா வாண்டாவின் கணவர் டெல்மர் ஹாவ்கன் முப்பத்தொரு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். மொன்டானாவின் இந்தக் கோடியில் இடுப்பளவு பனி விழும் நாளில்கூட அவர் பஸ் தாமதமானதில்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டால் மனிதருக்கு எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. வீட்டில் ஃப்ரிட்ஜ் செத்துப்போனபோது எதை வாங்குவது என்று இரண்டு குளிர்காலம் யோசித்தார். அதுவரை பாலும் வெண்ணெயும் பின்வாசல் பனியில் கிடந்தன. ஒரு நரி வந்து வெண்ணெயைத் தின்றுவிட்டுப் போனது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து யோசித்தார். அக்காவைக் கட்டிக்கொள்ளலாமா என்றே நான்கு வருஷம் யோசித்தவர்தானே.

"அந்த நாலு வருஷத்துல வேற எவனையாவது கட்டியிருந்தா இந்நேரம் வீட்டுல ஃப்ரிட்ஜாவது இருந்திருக்கும்" என்பாள் அக்கா.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாமா தடுமாறியதில்லை. பெருங்கொம்பு ஆடு என்கிற மலைக்காட்டு ஆட்டை வேட்டையாட வருஷம்தோறும் குலுக்கல் நடக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் மனுப் போடுவார்கள், சில பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு விழும். மாமா இருபத்தேழு வருஷம் விடாமல் மனுப் போட்டார். இருபத்தேழு வருஷமும் இல்லை என்றே பதில் வந்தது. போன வருஷம் எதற்கும் இருக்கட்டும் என்று அக்கா பெயரிலும் ஒரு மனுவைப் பூர்த்தி செய்து அனுப்பினார். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

ஜூன் மாதம் அக்காவுக்குச் சீட்டு விழுந்தது.

மாமா கடிதத்தை மூன்று முறை படித்தார். பிறகு வெளியே போய் பஸ் கதவின் கீலுக்கு ஒரு மணி நேரம் எண்ணெய் போட்டார். அக்கா நான்கு உருளைக்கிழங்கு உரிக்கும் வரை பொறுத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"உன் பேருக்கு மாத்திக்கோ டெல்மர். எனக்கு எதுக்கு ஆடு?"

"மாத்த முடியாதும்மா. சட்டத்துல இடமில்ல" என்றார் மாமா. கொஞ்ச நேரம் கீலையே பார்த்துவிட்டு, "எந்தத் துப்பாக்கியில சுடப் போற?" என்று கேட்டார்.

அக்காவிடம் இருப்பது ஒரே துப்பாக்கி, முப்பது-ஓ-ஆறு என்கிற பழைய ரகத் தோட்டா போடுவது. வருஷத்துக்கு ஒரு மான், ஒரு மானுக்கு ஒரு தோட்டா. இருபது தோட்டா உள்ள பெட்டி அவளுக்கு இருபது வருஷத்துக்கு வரும். வேறு துப்பாக்கி பற்றி அவள் யோசித்ததே இல்லை. மாமாவோ அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடது பக்கம் புதிதாக வந்திருந்த ஏழு மில்லிமீட்டர் நெடுந்தூரத் தோட்டா, வலது பக்கம் பழைய முப்பது-ஓ-ஆறு. எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகுதான் உறைத்தது. இருபத்தேழு வருஷம் காத்திருந்த வேட்டையில் அவருக்கு ஒரு பங்கு வேண்டும். அதை வாய்விட்டுக் கேட்கத் தெரியவில்லை, அதனால் தோட்டாவைப் பற்றிப் பேசினார்.

ஜூலை முழுக்க ஊர் காப்பிக்கடையில் இதே பஞ்சாயத்து. துப்பாக்கியும் ஆணியும் பெயின்ட்டும் ஒரே கடையில் விற்கும் லைல், புதுத் தோட்டாவின் பக்கம். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற கெர்மிட், பழசின் பக்கம்.

"இதுல குண்டு நீளம், ஒல்லி. எண்ணூறு கஜத்துல உன் பழசைக் காத்து எவ்வளவு தள்ளுமோ அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இதைத் தள்ளும்" என்றார் லைல்.

"எண்ணூறு கஜத்துலேர்ந்து ஆட்டைச் சுடுறது வேட்டையா? அது தபால் போடுறது" என்றார் கெர்மிட். "நானே முப்பது வருஷம் போட்டிருக்கேன், பாதி போய்ச் சேராது."

"அதான் ஊருக்கே தெரியுமே."

"முப்பது-ஓ-ஆறு தோட்டா எந்தப் பெட்ரோல் பங்க்லயும் கிடைக்கும்யா. காட்டுக்குப் போற வழியில தோட்டாவ மறந்துட்டா என்ன பண்ணுவ?"

"நீ எத்தன தடவ மறந்திருக்க?"

"ஒரு தடவ."

"அப்ப பெட்ரோல் பங்க்ல வாங்குனியா?"

"வீட்டுக்குத் திரும்பிப் போய் எடுத்துட்டு வந்தேன்" என்றார் கெர்மிட். மாமா இதையும் நோட்டில் எழுதினார். எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் கொஞ்சம் குழம்பினார்.

ஆகஸ்டில் புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. மாமா சமையலறை மேசையில் உட்கார்ந்து பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்குத் தானே வெடிமருந்து அடைத்தார். ஒவ்வொரு கூட்டுக்கும் மருந்தை எடை பார்ப்பார். பக்கத்தில் யாராவது மூச்சுவிட்டால் தராசு ஆடுகிறது என்று அக்காவை அடுப்பங்கரையை விட்டே அனுப்பிவிட்டார்.

"அப்ப சாப்பாடு?"

"இன்னும் பன்னெண்டு தோட்டாதாம்மா."

அக்கா என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஜல்லிக் குழியில் அவர் சொன்னபடியெல்லாம் படுத்து, அறுநூறு கஜத்தில் இருந்த இரும்புத் தகட்டை ஐந்துக்கு நான்கு முறை அடித்தாள். தகடு ஒலிக்கும்போதெல்லாம் மாமா முகத்தைப் பார்க்கவேண்டுமே, அவரே அடித்த மாதிரி பூரிப்பு.

"எப்படி?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. கனம் ஜாஸ்தி."

கனம் என்று வலது பக்கம், பழசின் கணக்கில், எழுதிக்கொண்டார்.

செப்டம்பரில் மூன்று பேரும் என் படகில் மிசோரி ஆற்றில் இறங்கிப் போனோம். புதுத் துப்பாக்கியை மாமா சுமந்தார். அக்கா தன் பழசையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். அது எதற்கு என்று கேட்டதற்கு, கை சும்மா இருந்தால் என்னவோ போல இருக்கிறது என்றாள். மாமாவும் விட்டுவிட்டார்.

நான்காம் நாள் காலையில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சாம்பல் களிமண் மேட்டில் ஆடு நின்றது. கொம்பு முழு வட்டம் சுற்றி வந்திருந்தது. மாமா தூரம் பார்த்தார், அறுநூற்று நாற்பது கஜம். பையை மண்ணில் வைத்து, அதன்மேல் புதுத் துப்பாக்கியைப் பொருத்தி, அக்காவைப் பின்னால் படுக்கச் சொன்னார். காற்றளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தார். அதற்குள் ஆடு மேட்டின் மடிப்புக்குள் இறங்கி மறைந்தது.

"வெளிய வரும். வந்தா அறுநூத்தம்பது இருக்கும். அசையாத" என்று சொல்லிவிட்டுத் தன் கணக்கு அட்டையின் மேல் குனிந்தார். சரிவு, குளிர், காற்று, எல்லாவற்றையும் பென்சிலால் கூட்ட ஆரம்பித்தார்.

அரை மணி கழித்து, அவர் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஆடு வெளியே வந்தது. ஆனால் பள்ளத்தைக் கடந்து எங்கள் பக்கமாக, இடது கையோரம், அறுபதடி தூரத்தில் வந்து நின்றது. பெரிய துப்பாக்கியின் தூரக்கண்ணாடியில் அந்தத் தூரத்துக்கு வெறும் ரோமம்தான் தெரியும். அக்கா மெல்ல உருண்டு தன் பழசைக் கையில் எடுத்தாள்.

"டெல்மர்" என்றாள், மூச்சுக்காற்றாக.

"ஒரு நிமிஷம்."

"டெல்மர்."

"ஒரு நிமிஷம்னு சொன்னேன்ல."

அக்கா சுட்டாள்.

மாமா கையிலிருந்த பென்சில் பறந்தது. "என்னத்தச் சுட்ட?"

"ஆட்டை."

அவர் பைனாகுலரை எடுத்து எதிர் மேட்டைத் தேடினார். "எங்க? எங்கம்மா?" நான் அவர் தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினேன்.

மாமா ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டுக் கொம்பின் வளையங்களை விரலால் எண்ணினார். ஒன்பது வயது. அக்காவைக் கட்டிக்கொண்டு, "அற்புதம்மா, அற்புதம்" என்றார், மனசாரத்தான் சொன்னார். படகில் திரும்பும்போது மட்டும் என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அவ சுடும்போது அது எப்படி நின்னுச்சு?"

"நேரா நின்னுச்சு மாமா."

"தலை எந்தப் பக்கம்?"

சொன்னேன். சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். கரை சேர்வதற்குள் ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் சொன்னேன். மற்ற நாளாக இருந்தால் இரண்டாவது தடவையே ஏதாவது சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காப்பிக்கடையில் உட்கார இடமில்லை. நாங்கள் மூன்று பேரும் நுழைந்ததுமே கெர்மிட் ஆரம்பித்துவிட்டார்.

"எந்தத் தோட்டா? அத மொதல்ல சொல்லுங்க."

"பழசு" என்றாள் அக்கா. கெர்மிட் மேசையைத் தட்டினார், லைல் தன் தலையில் கைவைத்துக்கொண்டார். அக்கா மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆனா டெல்மர் இல்லாட்டி ஒண்ணும் நடந்திருக்காது" என்றாள். "ஆடு பக்கத்துல வந்தத மொதல்ல பாத்ததே அவன்தான். 'இப்ப சுடு'ன்னான், சுட்டேன்."

என் அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முகம் மாறாமல் சொன்னாள். எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். லைல் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். மாமா காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் மனசுக்குள் கெஞ்சினேன். சும்மா இரும் மாமா, வாங்கிக்கொள்ளும், இது உமக்குத்தான்.

"இல்ல" என்றார் மாமா. "நான் சொல்லல. நான் பாக்கவே இல்ல." கரண்டியைக் கீழே வைத்தார். "இருபத்தேழு வருஷம் மனுப் போட்டேன். அது வந்து நின்னப்போ நான் குனிஞ்சு காத்தைக் கணக்குப் போட்டுட்டிருந்தேன்."

அக்கா மேசைக்கடியில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். எதைச் சொன்னாலும் கிண்டலடிக்கும் கெர்மிட் முள்கரண்டியை எடுத்தார். தன் தட்டிலிருந்த பன்றிக்கறித் துண்டை இரண்டு முறை புரட்டிப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"காத்து எவ்வளவு இருந்துச்சு டெல்மர்?"

மாமா தலையை நிமிர்த்தினார்.

"மணிக்கு ஏழு மைல்" என்றார். "இடது பக்கத்துலேர்ந்து. நடுவுல ஒரு தடவ ஒம்பது வரைக்கும் ஏறுச்சு."