மேடையில் பொன்னாடையைக் கழற்றிய தவமணி மிஸ்

டிக்கோயா பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செல்வத்திடமிருந்து போன் வந்தது. "நம்ம மிஸ் போயிட்டாங்கண்ணே" என்றான்.

தவமணி மிஸ்ஸை உங்களில் பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து ஹட்டனிலேயே தங்கிவிட்டவர். புதுக் கருவி செய்கிறவர்களுக்குக் காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். அவற்றுக்கு நான் படம் வரைவேன். என் கோடு சற்றுப் பிசகினாலும், "இது திருகாணியோ, இலையானோ?" என்பார்; ஈயைத்தான் அவர் ஊரில் இலையான் என்பார்கள். சண்டையில்லாத நாள் எங்கள் அறையில் கிடையாது.

டிக்கோயாவில் பட்டறை வைத்திருக்கும் செல்வம், மணிக்கட்டு நோகாமல் தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரி ஒன்றைச் செய்தான். முதலில் இலங்கையில் விண்ணப்பித்தோம். பிறகு சர்வதேச விண்ணப்பமும் போட்டோம். அதற்கு எண் கிடைத்ததுதான் தாமதம், கோயில் திருவிழாவில் "உலகக் காப்புரிமை பெற்ற எங்கள் செல்வம்" என்று பேனர் கட்டிவிட்டார்கள். எங்கள் மூவருக்கும் மேடையில் பொன்னாடை.

மிஸ் தன் பொன்னாடையைக் கழற்றிச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"உலகக் காப்புரிமை எண்டு ஒண்டு இல்லைப் பிள்ளையள். நாங்கள் போட்டது விண்ணப்பம் மட்டுந்தான். பல நாட்டிலையும் வரிசையிலை இடம் பிடிச்சிருக்கிறம். உரிமை குடுக்கிறதோ இல்லையோ எண்டு அந்தந்த நாடுதான் சொல்லும்."

செல்வத்தின் முகம் தொங்கிப்போனது. "அப்ப இந்தியாவுல யாரும் இத செஞ்சு விக்கலாமா மிஸ்?"

"கெடுவுக்குள்ளை அங்கை தனியாக் கேக்காட்டி, ஓமப்பா, ஆரும் விக்கலாம். இலங்கை தந்தாலும் அது இலங்கைக்குள்ளை மட்டுந்தான் செல்லும்."

எல்லாம் முடிந்துவிட்டது என்றே அதுவரை அவன் நிம்மதியாக இருந்தான். கூட்டம் கலையும் முன்பே கோயில் படியில் உட்கார்ந்து பேசினோம். தேயிலை விளையும் நாடுகளில் இந்தியாவிலும் கென்யாவிலும் தனியாகக் கேட்பது என்று முடிவானது.

இலங்கை உரிமை தந்தது. இந்தியாவோ கேள்வி மேல் கேள்வி கேட்டது. நான் அலுத்துக்கொண்டால் மிஸ் சிரிப்பார். "கேக்கட்டும். வாசிச்சிருக்கினம் எண்டு அர்த்தம்."

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தியாவும் தந்துவிட்ட செய்தி வந்தது. செல்வம் லட்டு வாங்கிக்கொண்டு ஓடினான். தாதி பார்க்காத நேரத்தில் மிஸ் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "கென்யா என்னவாம்?" என்று கேட்டார்.

கென்யாவின் கேள்விகள் நேற்று வந்தன. கைதட்டலுக்கு நடுவில் உண்மையைச் சொன்ன அவருடைய தைரியம்தான் எனக்கு மிஞ்சியது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் மிஞ்சியது இந்த வேலை. இதுவரை படம் மட்டும் வரைந்தவன் இனிப் பதிலும் எழுத வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது மிஸ். ஆனாலும் செல்வத்தின் கத்தரியை விட்டுவிட மாட்டேன்.