கரி பிடித்துக்கொண்ட நீலம்

வங்காளத் தலைநகரின் கார்டன் ரீச் பகுதியில், ரயில் பாதைக்கும் ஆற்றுக்கும் நடுவே போகிற ஒரு சந்தின் கடைசி வீட்டில் உத்தமன் மீன் வளர்த்தார். அவருடைய தாத்தா விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயில்வேயில் கலாசி வேலைக்கு வந்தவர். அப்பாவும் ரயில்வேதான். உத்தமனுக்கு அது வாய்க்கவில்லை. ஒப்பந்தக்காரர்களிடம் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்துக் காலத்தை ஓட்டினார். ஐம்பதை நெருங்கும்போது மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இனி பெயிண்ட் வாசனையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனிதர் வீட்டோடு உட்கார்ந்தார்.

மனைவி நாகரத்தினம் ஜீன்ஸ் பேண்டுகளுக்குப் பாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அந்தச் சந்தில் முக்கால்வாசி வீடுகளில் ஏதோ ஒரு ஜீன்ஸ் வேலை நடந்துகொண்டிருக்கும். ஒரு வீட்டில் பட்டன், இன்னொரு வீட்டில் நூல் பிசிறு வெட்டுவது. தைத்த துணியெல்லாம் கடைசியில் பின்பக்கச் சுவருக்கு அப்பால் இருந்த குருபிரசாத் பாபுவின் சாயப்பட்டறைக்குப் போய், வெளுத்தும் நனைந்தும் மூட்டையாகத் திரும்பும்.

மீன் யோசனை மகள் கீதாஞ்சலியுடையது. கல்லூரியில் படிக்கும் பெண், தமிழைவிட வங்காளம் சரளம். போனில் ஏதோ வீடியோவைக் காட்டி, "அப்பா, தேக்கோ, இங்க பாருங்க! வீட்டுத் தொட்டியிலயே மாகுர் வளர்க்கிறாங்க. நம்ம கொல்லையிலதான் தொட்டி சும்மா கிடக்குதே" என்றாள். எப்போதோ யாரோ சுண்ணாம்பு நீற்றிய செங்கல் தொட்டி அது. மாகுர் என்பது மீசை வைத்த கெளுத்தி. இந்த ஊரில் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களுக்கும் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் மாகுர் குழம்புதான் வைத்துக் கொடுப்பார்கள். உயிரோடு இருந்தால்தான் விலை.

முதல் தடவை விட்ட குஞ்சுகள் அத்தனையும் செத்து மிதந்தன. தீனி போட்டது சரி, தண்ணீர்தான் சரியில்லை. மீனின் கழிவே அமோனியாவாக மாறி மீனைக் கொன்றுவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கடையில் விற்கிற ஃபில்டரின் விலையை எட்டிப் பார்க்கவே முடியாது. ஆகவே அவரே ஒன்று கட்டினார். ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம். அடியில் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார், அதன்மேல் கூழாங்கல், மணல், தேங்காய் ஓட்டுக் கரி. மேலே, ஓட்டை போட்ட பாட்டில் மூடிகள் ஒரு கோணி நிறைய. மோட்டார் தொட்டித் தண்ணீரை டிரம்மின் அடியில் தள்ளும். அது ஒவ்வொன்றாகத் தாண்டி மேலே ஏறி, வழிந்து, திரும்பத் தொட்டியில் விழும்.

அதுவும் முதலில் வேலை செய்யவில்லை. வாராவாரம் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் அலசிப் பளபளவென்று வைத்தார். அந்த மூடிகளில் வழவழப்பாகப் படிகிற அழுக்குதான் உயிர், அதிலிருக்கும் கிருமிகள்தான் அமோனியாவைத் தின்கின்றன, குளோரின் தண்ணீரில் கழுவினால் அவை செத்துவிடும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டார். வாழ்நாள் முழுக்கத் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்தவருக்கு, அழுக்கை அப்படியே விட்டுவைக்கக் கை வரவேயில்லை. நாகரத்தினம்தான் அதட்டினாள். "கைய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா? அது பாட்டுக்கு இருக்கட்டும் விடுங்க."

அவர் சும்மா இருந்தார். மீன் தேறியது. அந்தக் குளிர்காலத்தில் சந்து முழுக்க மாகுருக்கு அவர் வீட்டுக்குத்தான் வந்தது. கூழாங்கல்லுக்கும் மூடிக்குமாக ஊரைச் சுற்றி வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஃபில்டர் கட்டிக் கொடுத்தார். இரவில் இருமல் வந்தாலும் காலையில் சிரித்த முகமாக எழுந்தார். நாகரத்தினம் அதைப் பற்றி வெளியே அதிகம் பேசவில்லை. கண் பட்டுவிடும் என்று அப்போது பயந்தாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் விடாமல் கொட்டியது. சாக்கடை பொங்கிக் கொல்லைக்குள் புகுந்தது. விடிந்ததும் கீதாஞ்சலி போட்ட கூச்சலில் உத்தமன் ஓடினார்.

"அப்பா, தண்ணி நீலமா ஆயிடுச்சு!"

பட்டறையின் கழிவுக் குழி நிரம்பி வழிந்திருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. உடம்பில் கோந்து பூசினாற்போல வழவழவென்று ஏதோ படர்ந்திருந்தது. அவர் தொட்டியைக் காலி செய்து, கொல்லையில் இருந்த அடிபம்பிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பினார். பிழைத்தவை பிழைத்தன. ஒரு வாரம் கழித்து அந்தத் தண்ணீரும் லேசாக நீலம் காட்டியது. குழியின் சாயம் மண்ணுக்குள் இறங்கி அடிபம்பு வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

உத்தமன் இரண்டாவது டிரம் வைத்தார். கரியை இரண்டு பங்காக்கினார். தண்ணீர் தெளிந்தது. கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்து, "போச்சு நாகு, நீலம் போச்சு!" என்று கூவினார். மறுநாள் காலையிலும் மீன்கள் செத்தன. இன்னும் கரி போட்டார், மணலை மாற்றினார், உப்புக் கலந்தார். நீலத்தைக் கரி பிடித்துக்கொண்டது. நீலத்தோடு வந்த, கண்ணுக்குத் தெரியாத என்னவோ ஒன்றை அது பிடிக்கவில்லை. அது என்னவென்றும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைப் பிடிக்கிற பொருள் எந்தக் கடையில் கிடைக்கும்?

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு ஷிபானி கிண்ணத்தோடு வந்தாள். சந்தில் எல்லோருக்கும் அவள் பௌதி, அதாவது அண்ணி; அவளுக்கு உத்தமன் தாதா, அண்ணன். அவள் புருஷன் டெங்குவிலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான். "தாதா, ரெண்டே ரெண்டு மாகுர். வாய்க்கு எதுவும் பிடிக்கலன்றார்" என்றாள். தொட்டியில் பத்துப் பன்னிரண்டு மீன் நெளிவது அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"இல்ல பௌதி. அது திங்கற மீன் இல்ல" என்றார் உத்தமன்.

"உசிரோடதானே இருக்கு?"

"உசிரோட இருக்கு. ஆனா குடுக்க மாட்டேன்."

அவள் கிண்ணத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் வெகுநாள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மீன்காரருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதென்று சந்தில் பேச்சு.

உத்தமனுக்குப் பொறுக்கவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். நாகரத்தினம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"குடுங்க. பட்டறைய மூடட்டும். அப்புறம் நான் தைக்கிறதுக்கு யாரு துணி குடுப்பா? பொண்ணு படிப்பு? பௌதி வூட்ல பட்டன் கட்டுறாளே, அவ என்னா செய்வா?"

"அப்போ என்னாதான் செய்யச் சொல்ற?"

"எனக்குத் தெரியலங்க" என்றாள் அவள். கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கடைசி மீன் செத்த பிறகு குருபிரசாத் பாபுவே வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. பூஜைக்குப் பூஜை சந்தில் எல்லோருக்கும் இனிப்பு அனுப்புகிறவர். ஸ்டூலில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பேசினார்.

"உத்தம்தா, உங்க மீனுக்கு ஆனது எனக்குத் தெரியும். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இப்போ கழிவுத் தண்ணிய சோதிக்க ஆள் வரப்போறாங்களாம். பெரிய மெஷின் போட எனக்கு வக்கில்ல. நீங்க டிரம்ல ஃபில்டர் கட்டுவீங்களே, அதுல ஒரு வரிசை கட்டிக் குடுங்க."

"பாபு, அது மீன் கழிவுக்குக் கட்டறது. உங்க தண்ணி அதுல சுத்தமாவாது."

"நிறம் போயிடும் இல்ல?"

"கரி புதுசா இருக்கிற வரைக்கும் போவும். நிறம் மட்டுந்தான் போவும்."

"அது போதும்" என்றார் குருபிரசாத். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லேன்னா மூடணும், தாதா. எனக்கும் வேற வழி இல்ல."

உத்தமன் நாகரத்தினத்தைப் பார்த்தார். அவள் பாக்கெட் துணியை மடித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டினார். அரைகுறையாகக் கட்ட அவருக்கு வராது. குழாய் இணைப்புகளில் ஒரு சொட்டு ஒழுகாமல், மணலைச் சலித்து, கரியைக் கழுவி, டிரம்களை வரிசையாக நிறுத்தினார். மோட்டாரைப் போட்டதும் ஒரு முனையில் கருநீலமாக நுழைந்த தண்ணீர் மறுமுனையில் தெளிவாக விழுந்தது. வேலைக்காரர்கள் கைதட்டினார்கள். குருபிரசாத் அவர் தோளைக் கட்டிக்கொண்டார். சோதிக்க வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். என்ன எழுதினார்கள் என்று உத்தமனிடம் யாரும் சொல்லவில்லை. பட்டறை ஓடியது.

தண்ணீர் தெளிவாக வருகிறது என்ற செய்தி சந்துக்குள் பரவியது. கார்ப்பரேஷன் குழாய் வராத ஒரு பிற்பகல், ஷிபானி பௌதி இரண்டு வாளிகளோடு, பட்டறைச் சுவருக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் குழாய் முனையில் நின்றாள். உத்தமன் பட்டறைக்குள்ளேயிருந்து பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"பௌதி, வேணாம்! பாத்திரம்கூடத் தேய்க்காத! கொட்டிடு!"

"ஏன், நீங்க கட்டினதுதானே? நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்கத்தான் நல்லாருக்கு. எம்மீனு செத்தது இந்தத் தண்ணியிலதான்."

அவள் வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "முன்னெல்லாம் நீலமா வரும். கிட்டயே போக மாட்டோம்" என்றாள். "எதுக்கு தாதா நீலத்தை எடுத்தீங்க?"

அவள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலி வாளிகள் ஒன்றோடொன்று மோத நடந்தாள்.

மறுநாள் உத்தமன் பலகை ஒன்றில் வங்காளத்திலும் இந்தியிலும் 'இந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்' என்று கீதாஞ்சலியை எழுதச் சொல்லிக் குழாய் முனையில் கட்டினார். சாயங்காலம் அது அங்கே இல்லை. மறுபடி கட்டினார். அதுவும் போயிற்று. யார் கழற்றினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. பேசாமல் கரியை மாற்றாமல் விட்டுவிட்டால் நீலம் தானாகத் திரும்பிவிடும் என்று ஒரு முறை நாகரத்தினத்திடம் சொன்னார். அவள் தைத்துக்கொண்டே, "அவங்களே வேற ஆளை வச்சி மாத்திக்குவாங்க" என்றாள்.

இப்போது பட்டறையில் கரி மாற்றுவது உத்தமனின் வேலை. கீதாஞ்சலி கல்லூரிக்குப் போய்வருகிறாள். கொல்லைத் தொட்டி வெறுமையாகக் கிடக்கிறது. மத்தியானங்களில் அவர் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அந்தக் குழாய் முனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது வாளியோடு வந்தால் எழுந்து நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள். சிலர் அவர் வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து வருகிறார்கள்.