முன்னுக்கு ஓடினவன்

பெரியகல்லாற்றில் கேதீஸ்வரியோடு சண்டை பிடித்தவர்கள் குறைவு. ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவள் ஏச மாட்டாள். அந்த ஆள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தையல் மெசினை மிதிக்கத் தொடங்கிவிடுவாள். பதில் சொல்லக்கூட ஆளில்லாமல் நிற்பதைவிட ரெண்டு ஏச்சு வாங்கிப்போகலாம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அதை அதிகம் அனுபவித்தவன் அவளுடைய புருஷன் இளையதம்பி.

அவன் கதிரவெளியான். மட்டக்களப்பு வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுகிறவன். அப்படித்தான் அவனும் வந்தான். வந்த கையோடு கரையில் மீன் வாங்கி லொறிக்கு ஏற்றும் வியாபாரத்தில் இறங்கினான். அவனுடைய தராசில் ஏறினால் பெரிய அறுக்குளாவும் சின்னக் கீரிமீனாக இளைத்துப்போகும் என்று கரையில் ஒரு பேச்சு இருந்தது. ஆமிக்காரன் வந்தாலும் சிரிப்பான், இயக்கக்காரன் வந்தாலும் சிரிப்பான். இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக ஒரு சிரிப்பு வைத்திருந்தான்.

சுனாமி வந்த காலையில் அவன் கல்முனையில் மீன்காசு வாங்கப் போயிருந்தான். கேதீஸ்வரி மகள் கஜானியை இடுப்பிலும் மூத்தவன் லக்ஷனைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். இடுப்பில் இருந்தது மிஞ்சியது. கையில் பிடித்தது போய்விட்டது. ஆறு வயதுப் பிள்ளை. மத்தியானம் இளையதம்பி வந்து, வீடிருந்த இடத்து மண்ணில் விழுந்து கத்தினான். அந்த அழுகையில் பொய் இல்லை என்பதைக் கேதீஸ்வரி எப்போதும் ஒத்துக்கொள்வாள். அதன் பிறகு மூன்று வருஷம் அவனைப் பொறுத்துக்கொண்டதற்கு அந்த அழுகைதான் காரணம்.

2007இல், படுவான்கரையில் ஷெல் விழுந்து வெல்லாவெளிச் சனமெல்லாம் ஆறு கடந்து வந்து கொட்டில்களில் கிடந்த நாட்களில், விரிவுரையாளர் சுதாகரன் ஊருக்கு வந்தார். முகாமைத்துவம் படிப்பிக்கிறவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். தொழில்நுட்பம் வந்தால் மனிதர் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை அவர்களுடைய நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதை அளப்பதுதான் அவருடைய வேலை. ஷெல் சத்தம் கேட்டால் பேனையை மூடிக் குனிவார். சத்தம் நின்றதும் விட்ட கேள்வியிலிருந்து தொடங்குவார்.

கேதீஸ்வரியிடமும் வந்தார்.

"அக்கா, உங்கட அயல்சனத்த எவ்வளவு நம்புறீங்க? ஒண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில ஒரு நம்பர் சொல்லுங்க."

"எதுக்கு நம்புறது?"

"பொதுவா."

"பொதுவா நான் ஒருத்தரயும் நம்புறல்ல தம்பி. பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளையிட்டப் பிள்ளைய உட்டுட்டுப் போவன், காசு குடுக்க மாட்டன். அவட தம்பியிட்டக் காசு குடுப்பன், பிள்ளைய உட மாட்டன். இதுக்கு என்ன நம்பர்?"

சுதாகரன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப மூண்டு போடுவம்" என்றார்.

கேதீஸ்வரி மெசினை மிதிக்கத் தொடங்கினாள். அவருக்கு அது விளங்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டார். "ஊரில ஏதும் செய்தி அறியவேணுமெண்டா யாரிட்டப் போவீங்க?"

"இவரிட்டத்தான். வேற யாரிட்டப் போன் கிடக்கு?"

ஊர் முழுக்க அதே பதில்தான் வந்தது. போனோடு வீதியில் மறிபட்டால் யாரோடு கதைத்தாய், என்ன கதைத்தாய் என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் வசதியுள்ளவர்களும் போன் வாங்கவில்லை. எல்லாப் பக்கத்துக்கும் சிரிக்கிற இளையதம்பிக்கு அந்தப் பயம் இல்லை. ஆகவே வெளிநாட்டு மகனிடமிருந்து அழைப்பு வந்தால் அவனிடம் போனார்கள், கல்முனை மீன்விலை அறிய அவனிடம் போனார்கள், போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்கள். சுதாகரனின் தாளில் பல்லுக்கு இடமில்லை. யார் யாரிடம் போகிறார்கள் என்று கோடு இழுத்து, எல்லாக் கோடும் போய் முடிகிற ஒரு வட்டத்தைக் கீறி, இளையதம்பிதான் ஊரின் அதிகூடிய நம்பிக்கைக்குரியவர் என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு புதுப் போன், கையில் பிடித்துக் கத்துகிற ஒலிபெருக்கி, தொப்பி எல்லாம் வந்தன. கடல் எச்சரிக்கை வந்தால் மட்டக்களப்பிலிருந்து இளையதம்பிக்கு அழைப்பார்கள். அவன் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊர் கேட்டு நடக்கிறதா என்று சுதாகரன் அளப்பார். இளையதம்பி தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான்.

"என்னை ஊர் நம்புதாம். ஆய்வில வந்திருக்கு" என்றான்.

"மீன் நிறுக்கத் தெரியாத ஆளிட்டச் சனத்த நிறுக்கக் குடுத்திருக்காங்க" என்றாள் கேதீஸ்வரி.

செப்ரெம்பர் மாதத்தில் ஒரு பின்னேரம் அந்த அழைப்பு வந்தது. சுமாத்திராப் பக்கம் பூமி அதிர்ந்திருக்கிறது, கரையை விட்டு எல்லோரும் விலக வேண்டும் என்று மறுமுனையில் சொன்னார்கள். கேதீஸ்வரி வீட்டுக்குள்ளே காய்ச்சலோடு கிடந்த கஜானிக்கு நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒழுங்கையில் இளையதம்பியின் ஒலிபெருக்கிக் குரல் கேட்டது.

"கடல் வருது. எல்லாரும் மாடிப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. எனக்குப் போன் வந்திருக்கு."

ஒருவரும் அசையவில்லை. வேலியோரம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தார்கள். சீதேவிப்பிள்ளை படலையடியில் நின்று, மீன் அரிந்த கையைக் கழுவாமலே கேட்டாள்.

"நேத்து இறாலுக்கு நீ சொன்ன விலையும் போனிலதான் வந்தது. அது எந்தக் கடலால வந்தது?"

சிரித்தார்கள். இளையதம்பி இன்னொரு தரம் கத்திப் பார்த்தான். ஒருவன் ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னான்: சனம் ஓடினால் கரையில் கிடக்கிற மீனுக்கு விலை குறையும், அதுதான் கணக்கு. ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது. இளையதம்பி கடல் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு சாரத்தை மடித்துக் கட்டி, ஒலிபெருக்கியை வேலியோரம் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். சொந்த வீட்டுப் படலையைத் தாண்டித்தான் ஓடினான். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒழுங்கை அதைக் கண்டது. பிறகு சீதேவிப்பிள்ளை சொன்னாள், "இவன் பொய்க்கு ஓடுற ஆளில்ல. ஓடுறானெண்டா உண்மைதான்."

அவ்வளவுதான். வலை, கத்தி, அடுப்பில் வைத்த சோறு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுச் சனம் பிய்த்துக்கொண்டு ஓடியது. சீதேவிப்பிள்ளைதான் கேதீஸ்வரியின் வீட்டுக்குள் புகுந்து, "ஒழும்பு, ஒழும்பு, உன்ட மனிசன் ஓடிட்டான்" என்று கத்தினாள். கேதீஸ்வரி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். இப்போது இவளுக்கும் ஆறு வயது. காய்ச்சலில் இன்னும் பாரமாக இருந்தது. இந்த முறை அவள் கையைப் பிடிக்கவில்லை. தன் சீலைத் தலைப்பால் பிள்ளையைத் தன்னோடு சேர்த்து முடிந்துகொண்டு ஓடினாள். ஆற்றுப் பக்கம் திரும்பும் சந்தியில் ஒரு தரம் விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. சீதேவிப்பிள்ளை அவளுடைய தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள்.

பள்ளிக்கூடத்துப் படியில் ஏறும்போதே மேலேயிருந்து அவனுடைய குரல் கேட்டது. யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தான்.

"ஓம் சேர். நான் சொன்ன உடன ஊர் முழுக்க வெளிக்கிட்டது. ஓம் சேர், என்ட மனிசியும் பிள்ளையும் என்னோடதான் நிக்கிறாங்க."

கேதீஸ்வரி படியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைத் தள்ளினார்கள். பயந்து ஓடினதை அவள் மன்னித்திருப்பாள். ஒரு முறை கடலுக்குப் பிள்ளை கொடுத்தவர்களுக்குக் கடல் என்ற சொல்லே போதும். கால் தன்பாட்டில் ஓடும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வந்து சேருவாளா, வழியில் விழுந்து கிடப்பாளா என்று தெரியாமலே, பக்கத்தில் நிற்பதாக ஒரு வாய் சொல்லுமென்றால், அந்த வாய்க்கு இனிச் சோறு போட முடியாது என்று தோன்றியது. மேலே போனாள். கதிரையில் இருந்தவன் அவளைக் கண்டதும் போனை மூடினான்.

"வந்திட்டியா? நான் தேடின நான்" என்றான்.

அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பிள்ளையை ஒரு மேசையில் கிடத்தினாள்.

கடல் அன்றைக்கு வரவில்லை. விடிந்ததும் எல்லோரும் வீடு திரும்பினார்கள். கேதீஸ்வரி இளையதம்பியின் உடுப்புகளை அள்ளிப் பையில் போட்டுப் படலைக்கு வெளியே வைத்தாள். அவன் முதலில் கெஞ்சினான், பிறகு குரலை உயர்த்தினான். சுனாமிக்குப் பிறகு அவளுடைய தாய் கொடுத்த வளவில் வீடு கட்டித் தந்த நிறுவனக்காரர், குடும்பத் தலைவன் என்று அவனுடைய பெயரைத்தான் எழுதியிருந்தார்கள்.

"இந்த வீட்டுக் கடுதாசி என்ட பேருல கிடக்கு."

"கடுதாசியக் கொண்டு போங்க. வீடு நிக்கட்டும்" என்றாள்.

அயல்சனம் வேலிக்கு அங்கால் நின்று பார்த்தது. அவனுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் கெட்டுப்போய்விடவில்லை. மட்டக்களப்பில் அறை எடுத்தான். சுதாகரனின் திட்டத்திலேயே சமூக இணைப்பாளர் என்று வேலை கிடைத்தது, சப்பாத்துப் போட்டான். 2009இல் யுத்தம் முடிந்தது. அடுத்த வருஷம் சுதாகரன் கலாநிதி சுதாகரனாகி, ஆய்வைப் புத்தகமாக்கி, மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் வெளியீடு வைத்தார். கேதீஸ்வரியை அழைக்க அவரே நேரில் வந்தார்.

அவள் போவதற்கு ஒத்துக்கொண்டது சீதேவிப்பிள்ளைக்கு ஆச்சரியமாக இருந்தது. "என்னத்துக்குக் கா போறாய்?"

"நடந்தத ஒருக்காச் சொல்லிட்டு வாறன்" என்றாள் கேதீஸ்வரி.

கஜானியையும் கூட்டிக்கொண்டு போனாள். மண்டபத்தில் குளிரூட்டி ஓடியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், ஒரு கரையோரக் கிராமத்தில் எச்சரிக்கைக்குப் பணிந்து நடந்தவர்கள் இத்தனை வீதம், இது உலகிலேயே அரிது, தொழில்நுட்பம் ஒரு நம்பகமான மனிதனின் கையில் சேர்ந்தால் இப்படித்தான் நடக்கும் என்று பேசினார். இளையதம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் குனிந்து வாங்கினான். பிறகு சுதாகரன், அவருடைய துணைவியார் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று ஒலிவாங்கியை நீட்டினார்.

கேதீஸ்வரி எழுந்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதில் அடுக்கி வைத்ததைச் சொன்னாள்.

"அண்டைக்கு இவர்தான் முன்னுக்கு ஓடினவர். என்னயும் பிள்ளையயும் பார்க்கக்கூட நிக்கல்ல. அதக் கண்டுதான் ஊர் முழுக்கப் பின்னால ஓடினது."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தாள். தன் குடும்பத்தைக்கூடப் பார்க்காமல் ஊருக்காக முன்னால் ஓடினார் என்று கொழும்புக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேதீஸ்வரியின் காதில் விழுந்தது. இன்னும் விளக்கிச் சொல்லலாம். சொன்னால் அதற்கும் தட்டுவார்கள். ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

தேத்தண்ணீர் குடிக்கும் இடத்தில் சுதாகரனைப் பிடித்தாள்.

"நான் சொன்னது உங்களுக்காவது விளங்கினதா?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "விளங்கினது அக்கா. அந்தக் கிழமையே சீதேவிப்பிள்ளை அக்கா எனக்குச் சொன்னவ" என்றார்.

"மறுகா ஏன் எழுதல்ல?"

"ரெண்டு வருஷ வேலை. அத எழுதினா முழுக்கச் சரிஞ்சிரும். வேலையும் போயிரும்."

இவ்வளவு நாளும் அவரை ஒன்றும் விளங்காத அப்பாவி என்றுதான் கேதீஸ்வரி நினைத்திருந்தாள். அதற்காகக் கொஞ்சம் இரக்கமும் வைத்திருந்தாள். இப்போது அந்த இரக்கம் போய்விட்டது. புருஷனும் இவரும் ஒரே வலையைப் பின்னினவர்கள் என்று பட்டது; ஒருவன் போனில் சொன்னான், மற்றவர் புத்தகத்தில் அடித்தார். பயத்தில் ஓடினவனுக்காவது காலில் உண்மை இருந்தது.

"உங்கட புத்தகத்த நம்புறதுக்கு ஆள் இருக்கு தம்பி. சந்தோசமா இருங்க" என்று சொல்லிவிட்டுக் கஜானியின் கையைப் பிடித்தாள்.

வாசலில் இளையதம்பி பொன்னாடையோடு நின்றான். அவளோடு வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க அவளுக்கு விருப்பமில்லை. மகளோடு ஐந்து நிமிஷம் கதைக்க விட்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

பஸ்ஸில் கஜானி கேட்டாள், "ஏனம்மா எல்லாரும் கைதட்டினவங்க?"

"அதுக்குத்தான் வந்தவங்க."

அதற்கடுத்த வருஷம் ஊரில் எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. இளையதம்பி மாதத்தில் ஒரு தரம் அழைப்பான். கேதீஸ்வரி போனை மகளிடம் கொடுத்துவிட்டுத் தைக்கப் போய்விடுவாள். எங்கே நிற்கிறீர்கள் அப்பா என்று கஜானி கேட்பது மெசின் சத்தத்தோடு கேட்கும். அவன் சொல்லும் இடத்தைப் பிள்ளை நம்புகிறாளா இல்லையா என்று கேதீஸ்வரி இதுவரை கேட்டதில்லை.